தண்ணீருக்கடியில் ஒரு பிறந்த ஊர்

போன்யார் ஊரைத் தாண்டியதும் சாலை மலைக்குள் நுழைந்துவிடுகிறது. ஒருபுறம் போர்மா ஆறு, மறுபுறம் சுண்ணாம்புப் பாறைகள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனபின் ஒரு வளைவில் அணைச்சுவர் எழுந்து நின்றது. அதற்கு அப்பால் ஏரி. அக்டோபர் காலை வெயிலில் கரும்பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர், அசைவே இல்லாமல் கிடந்தது. தூரத்தில் சூசரோன் சிகரம் தலைகீழாக அதற்குள் நின்றது. இதைவிட அழகான நீர்ப்பரப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

வாடகைக் கார் ஓட்டி வந்த பெரியவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். நீருக்கு நடுவே கையை நீட்டி, "வேகமியான் அங்கே இருக்கிறது" என்றார். இருந்தது என்று அவர் சொல்லவில்லை. நான் பார்க்க வந்தது அந்த ஊரைத்தான். ஸ்பெயின் நாவலாசிரியர் ஹூலியோ யாமசாரெஸ் 1955இல் அங்கேதான் பிறந்தார்.

பல ஆண்டுகளுக்கு முன் மார்கரெட் ஜல் கோஸ்டாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அவருடைய 'மஞ்சள் மழை' என்ற சிறிய நாவலைப் படித்தேன். ஒரே இரவில் படித்து முடித்த பின் விளக்கை அணைக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்தே இந்தப் பயணம் மனதில் இருந்தது. எழுத்தாளர்களின் பிறந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது வாசகர்களின் வழக்கம். மேசையும் பேனாவும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். இவருடைய பிறந்த வீட்டுக்குப் போக வழியே கிடையாது. அதன்மேல் சுமார் 317 மில்லியன் கன மீட்டர் தண்ணீரைத் தேக்க முடிகிற ஓர் அணை கட்டப்பட்டிருக்கிறது.

லெயோன் மாகாணத்தின் வடக்கு மலைகளில் போர்மா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலமாக இருந்தது. கல் வீடுகள், வைக்கோற்பரண்கள், கன்றுகாலிகள், ஆற்றில் மீன். கீழேயுள்ள வறண்ட சமவெளிக்குப் பாசனநீர் வேண்டும் என்று சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு இங்கே அணை கட்டத் தொடங்கியது. 1968இல் அணை முடிந்தது. வேகமியானும் அதைச் சுற்றியிருந்த கம்பில்யோ, ஃபெரேராஸ், அர்மாதா, லோதாரெஸ் போன்ற சிற்றூர்களும் நீருக்குள் போயின. நீர் எட்டாத ஊர்களும் தப்பவில்லை. கம்போசொலில்யோ என்ற ஊர் இன்னும் ஏரியோரத்தில் நிற்கிறது. கூரை இல்லை, கதவு இல்லை, அடுப்படிகளில் மரம் முளைத்திருக்கிறது. தண்ணீர் அந்த ஊருக்குள் ஒருநாளும் ஏறவில்லை. ஆனால் ஏறலாம் என்ற கணக்கில் மக்களை வெளியேற்றிவிட்டார்கள்.

அந்த இடிபாடுகளுக்குள் அரைமணி நேரம் நடந்தேன். ஒரு வீட்டின் சுவரில் பிறை ஒன்று அப்படியே இருந்தது. விளக்கு வைத்த இடமாக இருக்கலாம். அதன் அடிப்பகுதியில் புகைக்கரி இன்னும் போகவில்லை. விரலால் தொட்டுப் பார்க்க மனம் வந்தும் தொடவில்லை.

இந்த அணையைக் கட்டிய பொறியாளரின் பெயர் ஹுவான் பெனெத். அவரும் ஒரு நாவலாசிரியர், இருபதாம் நூற்றாண்டு ஸ்பானிய உரைநடையின் போக்கையே திருப்பியவர்களில் ஒருவர். 1967இல் வெளிவந்த அவருடைய 'நீ ரெஹியோனுக்குத் திரும்புவாய்' நாவல் இந்த மலைகளிலிருந்து பிறந்தது. அணை வேலைக்காக இங்கே தங்கியிருந்த ஆண்டுகளில், பகலில் கான்கிரீட்டையும் இரவில் எழுத்தையும் பார்த்துக்கொண்டார். சிதைந்துகொண்டிருக்கும் ஒரு கற்பனைப் பிரதேசத்தை அவர் காகிதத்தில் கட்டியபோது, அவர் கட்டிய சுவரால் ஓர் உண்மையான பிரதேசம் அழியக் காத்திருந்தது. இன்று அந்த நீர்த்தேக்கமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு நாவலாசிரியர் கட்டிய அணை இன்னொரு நாவலாசிரியர் பிறந்த ஊரை மூழ்கடித்திருக்கிறது. இலக்கிய வரலாற்றில் இதற்கு இணையாக எனக்கு வேறொன்று தெரியாது. அணைச்சுவரின் மேல் நின்றபோது ஒரு கையில் பெனெத்தையும் மறு கையில் யாமசாரெஸையும் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

யாமசாரெஸின் தந்தை வேகமியானில் பள்ளி ஆசிரியர். வேலை மாற்றலாகிக் குடும்பம் அங்கிருந்து போனபோது ஹூலியோ சிறு குழந்தை. ஆகவே அந்த ஊரைப் பற்றி அவருக்குச் சொந்த நினைவென்று பெரிதாக எதுவும் இருந்திருக்க முடியாது. ஆனால் 1983இல் ஒன்று நடந்தது. பராமரிப்புக்காக நீர்த்தேக்கத்தைக் காலி செய்தார்கள். சேறு பூசிய வேகமியான் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்தது. அப்போது இருபத்தெட்டு வயதான அவர் அந்தச் சேற்றில் இறங்கித் தாம் பிறந்த ஊருக்குள் நடந்தார். அடுத்த ஆண்டு செமா சர்மியேந்தோ இயக்கிய 'எல் ஃபிலந்தோன்' என்ற திரைப்படத்தில் அவருடைய கதைக்கு அந்த இடிபாடுகளே களமாயின. பிறகு மதகு மூடப்பட்டது. ஊர் திரும்பவும் உள்ளே போனது.

ஃபிலந்தோன் என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லெயோன் மலைகளில் பனிக்காலம் நீண்டது. இரவில் அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டு அடுப்பைச் சுற்றிக் கூடுவார்கள். பெண்கள் கம்பளி நூல் நூற்பார்கள், ஆண்கள் கைவேலை ஏதாவது செய்வார்கள், யாராவது ஒருவர் கதை சொல்வார். அந்தக் கூட்டத்தின் பெயர்தான் ஃபிலந்தோன், நூற்றல் என்ற சொல்லிலிருந்து வந்தது. 2023இல் செர்வாந்தெஸ் விருது பெற்ற லூயிஸ் மதேயோ தியேஸ், ஹோசே மரியா மெரினோ, அந்தோனியோ பெரேய்ரா எல்லோரும் இந்த அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வந்தவர்கள்தாம். ஒரே மாகாணத்திலிருந்து இத்தனை கதைக்காரர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஒரு சொல்லைத்தான் காட்டுவேன்.

மாலையில் போன்யாருக்குத் திரும்பினேன். சதுக்கத்தில் ஒரு பழைய எல்ம் மரத்தின் வறண்ட அடிமரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நோய் வந்து மரம் செத்துவிட்டது. ஆனாலும் அதை அப்புறப்படுத்த ஊருக்கு மனம் இல்லை. எதிரே இருந்த காப்பிக்கடையில், இந்த ஊர்ப் பலகாரமான நிகனோர் பிஸ்கட்டோடு பால் காப்பி வாங்கி உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் எண்பது வயது தாண்டிய ஓர் அம்மா. எங்கே போய்விட்டு வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன். தம் ஊரும் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது என்றார்.

"போய்ப் பார்ப்பதுண்டா, அம்மா?"

"எதைப் பார்க்க, மகனே? தண்ணீரையா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "என் பேத்திக்கு அந்த ஏரி ரொம்பப் பிடிக்கும். கோடையில் போய்ப் படமெடுத்து அனுப்புவாள். அழகாகத்தான் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை."

2015இல் யாமசாரெஸ் எழுதிய நாவலின் பெயர் 'தண்ணீரைப் பார்க்கும் வெவ்வேறு விதங்கள்'. போர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பலென்சியா சமவெளியில் வற்றவைக்கப்பட்ட ஒரு காயல் நிலத்தில் குடியமர்த்தப்பட்ட முதியவர் ஒருவர் இறந்துபோகிறார். உயிரோடிருந்தவரை அவர் இந்த ஏரிக்குத் திரும்பி வரவே இல்லை. இப்போது அவருடைய சாம்பலைக் கரைக்கக் குடும்பம் முழுவதும் கரையில் வந்து நிற்கிறது. மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரக்குழந்தைகள் என்று ஒவ்வொருவராக மனதுக்குள் பேசுகிறார்கள். ஒருத்திக்கு அது வீடு, இன்னொருவருக்குக் கல்லறை, பேரப்பிள்ளைக்கு வெறும் நிலக்காட்சி. எவரும் பொய் சொல்லவில்லை, எவருக்கும் மற்றவர் பார்ப்பது தெரியவும் இல்லை. காப்பிக்கடையில் அந்த அம்மா நான்கு வாக்கியத்தில் சொன்னதை அந்த நாவல் ஒரு குடும்பம் முழுவதையும் பேச வைத்துச் சொல்கிறது. காலையில் ஏரியை அழகென்று நான் நினைத்தது தவறில்லை. ஆனால் அந்த அழகோடு நின்றுவிட்டால் அது குறைப்பார்வை. கீழே சமவெளியில் இந்தத் தண்ணீரால் மக்காச்சோளம் விளைகிறது என்பதும் உண்மை. யாமசாரெஸின் எழுத்தை நான் மதிப்பதற்கு முதற்காரணம், இந்த உண்மைகளில் எதையும் அவர் மறைப்பதில்லை.

மறுநாள் ஓயேரோஸ் தெ சபேரோவுக்குப் போனேன். யாமசாரெஸ் வளர்ந்த ஊர் இது. நிலக்கரிப் பள்ளத்தாக்கு. அருகிலுள்ள சபேரோவில் 1840களில் எழுப்பப்பட்ட ஓர் இரும்பாலைக் கட்டடம் இருக்கிறது. ஸ்பெயினில் முதன்முதலாகக் கல்கரியால் எரிந்த ஊதுலை இங்கேதான் இயங்கியது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தபோது தேவாலயத்துக்குள் வந்துவிட்டதாகத்தான் நினைத்தேன், அப்படிக் கூர்வளைவுகள் வரிசையாக ஓடுகின்றன. 2008 முதல் அது சுரங்க, இரும்புத்தொழில் அருங்காட்சியகம். சுரங்கங்கள் 1991இல் மூடப்பட்டன. ஆக, பிறந்த ஊர் நீரில் போனது, வளர்ந்த ஊரின் உயிர்நாடி மண்ணுக்குள் நின்றது. 1994இல் வெளிவந்த 'ஊமைப்படக் காட்சிகள்' இந்த ஓயேரோஸைப் பற்றியதுதான். அம்மா பாதுகாத்து வைத்த பழைய புகைப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் அசையாமல் நிற்பவர்களை அவர் பேச வைக்கிறார். கரிப்புழுதி, முதல் தொலைக்காட்சி, சுவரொட்டிகளில் மட்டுமே பார்த்த சினிமா. சுரங்கத்தொழிலாளர் குடியிருப்பின் தெருவில் நடந்தபோது அந்தப் படங்களுக்குள் நடப்பதாகவே இருந்தது.

சட்டம் படித்து வழக்கறிஞரான அவர் அந்தத் தொழிலை விட்டுவிட்டு மாத்ரித் போய்ப் பத்திரிகையாளரானார். முதலில் வந்தவை கவிதைகள். 1979இல் 'எருதுகளின் மந்தநடை', 1982இல் 'பனியின் நினைவு'. பிறகு 1985இல் முதல் நாவல், 'ஓநாய் நிலா'. உள்நாட்டுப் போரில், 1937 அக்டோபரில் அஸ்தூரியாஸ் போர்முனை சரிந்தபின் இந்த மலைகளுக்குள் ஓடி ஒளிந்த நான்கு குடியரசுப் படைவீரர்களின் கதை. ஒன்பது ஆண்டுகள் குகைகளிலும் தொழுவங்களிலும் விலங்குகளைப்போல் வாழ்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குறைகிறார்கள். கதையைச் சொல்பவன் ஊர்ப் பள்ளியாசிரியனாக இருந்தவன். ஃபிராங்கோ இறந்து பத்தாண்டுகூட முழுதாக ஆகாத நேரம் அது. உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசாமலிருப்பதே நாகரிகம் என்று நாடு பழகியிருந்தது. மலைக்காரர்கள் மட்டும் அடுப்பங்கரையில் தணிந்த குரலில் சொல்லிவந்ததை அவர் அச்சில் ஏற்றினார். கோட்பாடும் கொடியும் அந்த நாவலில் அதிகமில்லை. பசி, குளிர், துரோகம், தூரத்து நாய்க்குரைப்பு ஆகியவையே அதன் பக்கங்களை நிறைக்கின்றன.

போர்மாவுக்கு மேற்கே அடுத்த பள்ளத்தாக்கு குருவேன்யோ ஆற்றினுடையது. 1981 கோடையில் அந்த ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து ஊற்று வரை அவர் நடந்தே போனார். அந்தப் பயணம் 1990இல் 'மறதியின் நதி' என்ற நூலாக வந்தது. நான் அந்தப் பாதையில் ஒரு பகுதியை மட்டும் நடந்தேன். வல்தெதேஹாவின் கணவாயில் ஆறு பாறையை அறுத்து இறங்குகிறது. ரோமானியர் காலத்துச் சாலையின் கற்கள் புல்லுக்கிடையில் தலைகாட்டுகின்றன. எட்டிப் பார்த்தால் தெரியும் ஊர்களில் பாதி வீடுகள் பூட்டியிருக்கின்றன. கோடையில் மட்டும் திறக்கும் வீடுகள். பிற்காலத்தில் ஸ்பெயினின் எழுபத்தைந்து பேராலயங்களையும் சுற்றி அவர் எழுதிய 'கல் ரோஜாக்கள்', 'தெற்கின் ரோஜாக்கள்' ஆகிய பெரிய நூல்களுக்கு இந்தச் சின்ன நடைதான் விதை என்று எனக்குத் தோன்றியது. நடந்து பார்த்து, எதிர்ப்பட்டவரிடம் பேசி, பிறகு எழுதுவது. வேறு வித்தை எதுவும் இல்லை.

கடைசிப் பயணம் நீண்டது. லெயோனிலிருந்து கிழக்கே, ஸ்பெயினின் வடபகுதியைக் குறுக்காகக் கடந்து, அரகோனின் பைரனீஸ் மலைகளுக்கு. 'மஞ்சள் மழை' நிகழும் ஐனியெயே அங்கே இருக்கிறது. 1988இல் வெளிவந்த அந்த நாவலின் முகப்பிலேயே ஆசிரியர் சொல்லிவிடுகிறார்: ஊர் உண்மை, மனிதர்கள் கற்பனை. 1970 வாக்கில் ஐனியெயேயின் கடைசிக் குடும்பமும் வெளியேறியது.

வேறொரு மாகாணத்து ஊரை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்வி எனக்கு நெடுநாள் இருந்தது. சோப்ரேபுவெர்த்தோ என்ற அந்த மேட்டுநிலத்தைப் பார்த்ததும் விடை கிடைத்தது. இங்கே ஊர்களை அழித்தது தண்ணீர் அல்ல. பள்ளத்தாக்கில் சபின்யானிகோ தொழில்நகரம் வளர்ந்தது, ஆலைகளில் மாதச் சம்பளம் கிடைத்தது, இளைஞர்கள் இறங்கிப் போனார்கள். மேலே சாலை வரவில்லை. நிலங்களை அரசின் வனத்துறை வாங்கி ஊசியிலை மரங்கள் நட்டது. எஞ்சியவர்கள் முதியவர்கள். அணை வந்தால் ஊர் ஒரே நாளில் போய்விடும், எதிர்த்துக் குரல் கொடுக்க ஒரு சுவராவது இருக்கும். இங்கே ஊர் வீடு வீடாக, கதவு கதவாகப் போனது. கோபப்படுவதற்கு ஆள் கிடையாது. பக்கத்து ஊரான பசரானின் தேவாலயத்தைக் கல் கல்லாகப் பிரித்து ஃபோர்மிகால் பனிச்சறுக்கு விடுதிக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். வணங்க ஆளில்லாத ஊரில் கோயில் எதற்கு என்று நினைத்தார்கள் போலும்.

ஒலிவானில் இருக்கும் பதினோராம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் அருகிலிருந்து விடியற்காலையில் நடக்கத் தொடங்கினேன். ஓடை கூடவே வந்தது. முதலில் காட்டுச்சாலை, பிறகு புதர்களுக்கிடையே ஒற்றையடிப் பாதை. பெர்பூசா என்ற பாழூர் வந்தது. நாவலில் ஐனியெயேயின் கடைசி மனிதனைத் தேடி வருகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். இன்று இதிலும் ஒருவரும் இல்லை. தேடப்பட்டவனைப்போலவே தேடி வந்தவர்களும் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, இடிந்த சுவர்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

மூன்று மணி நேரத்துக்கும் மேல் நடந்தபின், 1355 மீட்டர் உயரத்தில், மரங்களுக்கிடையே சாம்பல்நிறக் கற்சுவர்கள் தெரிந்தன. ஐனியெயே. பலகைக்கல் வேய்ந்த கூரைகள் பெரும்பாலும் உள்ளே விழுந்துவிட்டன. முட்செடிகள் வாசல்களை அடைத்திருக்கின்றன. எங்கோ ஒரு கல் உருளும் சத்தம் கேட்டு நின்றேன். திரும்பவும் அமைதி. கீழே ஓடைக்கரையில் நெட்டிலிங்கத்தைப்போல் ஓங்கிய பாப்லர் மரங்கள். காற்று கொஞ்சம் எழுந்தது. முழுக்கப் பழுத்த இலைகள் அவசரமில்லாமல் உதிர்ந்தன. தண்ணீரிலும் பாதையிலும் என் தோளிலும் மஞ்சள். தலைப்பாக மட்டுமே தெரிந்திருந்த ஒன்று கண்ணெதிரே பெய்தது. அந்த நிமிடத்தில் எனக்குக் கண் கலங்கியது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

நாவலில் அந்திரெஸ் என்ற கிழவர்தான் இந்த ஊரின் கடைசி ஆள். அவருடைய மனைவி சபீனா தனிமை தாங்காமல் மாவரைக்கும் ஆலையில் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். மீதியிருப்பது அவரும் பெயரில்லாத ஒரு பெண் நாயும். சாவுக்குக் காத்திருக்கும் ஒற்றை இரவில் அவர் எல்லாவற்றையும் நினைத்துப் பார்க்கிறார். உதிரும் இலையின் மஞ்சள் மெல்ல மெல்லச் சுவரிலும் வானத்திலும் நாயின் நிழலிலும் ஏறுகிறது. மறதிக்கு யாமசாரெஸ் கொடுத்த நிறம் அது. நினைவில் வைத்துக்கொள்ள எவரும் இல்லாத ஒருவன், தான் இருந்ததற்கே சாட்சி இல்லையே என்று தவிக்கும் தவிப்பு அந்த நூறு சொச்சம் பக்கங்களில் இருக்கிறது. வேகமியானில் பிறந்த ஒருவரால் மட்டுமே இதை எழுதியிருக்க முடியும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். தம் ஊரை நேரடியாக ஒரு நாவலில் எழுதப் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பே அந்தத் துக்கத்தை இந்த மலைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

திரும்பி இறங்கும்போது இரண்டு பெண்களும் ஓர் இளைஞனும் மேலே ஏறி வந்தார்கள். ஒருத்தியின் கையில் ஓரம் நைந்த அதே நாவல். ஸரகோஸாவிலிருந்து வருகிறோம் என்றார்கள். "இன்னும் தூரமா?" என்று கேட்டார்கள். "இல்லை, வந்துவிட்டது" என்றேன். அதற்குமேல் நாங்கள் எதுவும் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

சபின்யானிகோவில், 1979 முதல் ஒரு பழைய வீட்டில் இயங்கும் செர்ராப்லோ அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினேன். இந்த மலையூர்களின் ஏர், தொட்டில், வெண்ணெய்க் கடையும் மத்து எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அந்த மண்ணின் மைந்தரான என்ரிகே சத்துவே நாவலுக்குப் பின்னால் இருந்த உண்மையான ஐனியெயேயின் வாழ்க்கையைத் தேடித் தொகுத்துத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். கற்பனை மனிதர்களைப் பற்றிய ஒரு நாவல், உண்மை மனிதர்களின் நினைவைத் தேட வைத்திருக்கிறது. ஊர்கள் காலியாவதைப் பற்றி ஸ்பெயின் உரக்கப் பேசத் தொடங்கியது வெகு சமீபத்தில்தான். காலியான உள்நாட்டு மாகாணங்களின் மக்கள் மாத்ரித் தெருக்களில் திரண்டது 2019இல். யாமசாரெஸ் அதற்கு முப்பதாண்டு முன்பே, ஒரு கிழவரின் குரலில் அதைச் சொல்லி முடித்திருந்தார்.

இலக்கியம் எதையும் மாற்றாது என்று சொல்பவர்களிடம் நான் இனி வாதாடப் போவதில்லை. ஒலிவானுக்குப் போய் அந்த ஓடையோரமாக நடந்து பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். ஒவ்வோர் அக்டோபரிலும் வாசகர்கள் கூட்டமாக அந்த வழியே ஏறுகிறார்கள். 'மஞ்சள் தடம்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஐனியெயேயில் இன்று ஒருவர்கூட வசிக்கவில்லை. ஆனால் அங்கே போகும் பாதையைப் புல் மூடவில்லை.